தாத்தா பாட்டி விட்டுச் சென்ற புத்தகங்களை அவர்களோடு சேர்ந்து படிப்பது எப்படி

தாத்தாவோ பாட்டியோ மறைந்த சில வாரங்களுக்குப் பிறகு, அவர்களுடைய புத்தகங்களை என்ன செய்வது என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. அது பெரும்பாலும் இடப் பற்றாக்குறை பற்றிய பேச்சாகவே எழுந்து, எதை வைத்துக்கொள்வது, எதை யாருக்குக் கொடுப்பது என்ற அளவில் முடிந்துவிடுகிறது. அந்த அலமாரியில் ஒருவர் பல பத்தாண்டுகள் தனியாக உட்கார்ந்து யோசித்ததன் தடம் இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை. உங்களுக்கும் அவருக்கும் இடையில் வாசிப்பு ஓர் உறவாக இருந்திருந்தால், அந்தத் தடத்தைப் பின்பற்றிச் செல்வதற்கான வழிமுறைகளை இங்கே எழுதுகிறேன். புத்தகங்களை நினைவுப் பொருள்களாகப் பூட்டி வைப்பதைவிட, அவர் எப்படிப் படித்தார் என்பதைக் கவனித்து நாமும் படிப்பதில்தான் நெருக்கம் கிடைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நமக்கு அவரைத் தாத்தாவாக மட்டுமே தெரியும். அந்தப் புத்தகங்களுக்கு அவரை இருபத்தைந்து வயது இளைஞராகவும் தெரியும்.

இறந்தவரோடு இப்படி உறவைத் தொடர்வது துக்கத்தை நீட்டிக்கும் என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டியதில்லை. துக்கம் என்பது இறந்தவரிடமிருந்து மனத்தைச் சிறிது சிறிதாக விடுவித்துக்கொள்ளும் வேலை என்று உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்ட் 1917-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். அந்தக் கருத்து நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. ஆனால் 1920-இல் தம் மகள் சோஃபியைப் பறிகொடுத்த அவரே, 1929-இல் நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், இழந்தவருக்கு ஈடாக வேறெதுவும் அமையாது என்றும், விட மனமில்லாத அன்பைத் தொடர அதுவே வழி என்றும் எழுதினார். பின்னர் 1996-இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகிய ஆய்வாளர்கள், இறந்தவரோடு மனத்தளவில் உறவு தொடர்வது இயல்பானது என்றும், அதைக் குறைபாடாகக் கருதக் கூடாது என்றும் விரிவாக எடுத்துக்காட்டினர். ஆகவே தாத்தாவின் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரோடு பேசுவதற்கு நீங்கள் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அலமாரியைக் கலைக்காதீர்கள்

தூசி தட்டி, அளவுவாரியாக அடுக்கி, அழகாக வைத்துவிட வேண்டும் என்ற ஆசை வரும். அதைச் சில நாட்கள் தள்ளிப்போடுங்கள். எந்தப் புத்தகம் கைக்கு எட்டும் தட்டில் இருந்தது, எது தலைமாட்டில் கிடந்தது, எது மற்றவற்றுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் செருகப்பட்டிருந்தது என்பதெல்லாம் அவரைப் பற்றிய செய்திகள். ஒருமுறை அடுக்கை மாற்றிவிட்டால் அவற்றை மீட்க வழியில்லை. ஒவ்வொரு தட்டையும் முதுகுப் பகுதியில் உள்ள தலைப்புகள் படிக்கும்படி தெளிவாகப் படம் எடுங்கள். கட்டிலருகே, மேசை இழுப்பறையில், பெட்டிக்குள் என்று வீட்டில் சிதறிக் கிடப்பவற்றையும் இருந்த இடத்திலேயே படம் எடுத்த பிறகுதான் நகர்த்த வேண்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, முகப்புப் பக்கம், பதிப்பு விவரம் உள்ள பக்கம், கடைசி வெற்றுத் தாள் ஆகியவற்றைப் பாருங்கள். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று அறிவதற்காகப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறக் கூடாது. ஒரு ரசீதோ, கடிதமோ, செய்தித்தாள் நறுக்கோ எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது அந்தத் தாளைப் போலவே முக்கியமானது. பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு போய், ஏதேனும் தென்பட்டால் அதை அசைக்காமல், இரண்டு பக்கங்களும் தெரியும்படி படம் எடுத்த பிறகு கையில் எடுங்கள்.

அவர் நின்ற இடங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, எனவே இதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். படிப்பவர்கள் பலர் புத்தகத்தில் ஏதோ ஒரு வகையில் தம் இருப்பைப் பதித்து வைக்கிறார்கள். பெயரும் தேதியும் எழுதுவது, அடிக்கோடு இடுவது, பக்க முனையை மடிப்பது, தெரியாத சொற்களுக்குக் கடைசித் தாளில் பொருள் எழுதி வைப்பது, ஆசிரியர் சொல்வது தவறு என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம் இருக்கும். ஏழெட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் உங்கள் தாத்தா பாட்டியின் வழக்கம் எது என்று பிடிபட்டுவிடும்.

என் பாட்டி அடிக்கோடு இட மாட்டார். பிடித்த பத்தியின் கடைசி வரிக்கு நேராக, ஓரத்தில், பென்சில் முனையை ஒருமுறை அழுத்தி எடுத்த அளவுக்கு ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான். பல இடங்களில் பென்சில் கருமை மங்கி, தாளில் விழுந்த சிறு குழி மட்டும் எஞ்சியிருப்பதால், ஜன்னலோரத்தில் தாளைச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பார்த்தால்தான் தெரியும். ஒரு நாவலில், ஒரு பெண் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் புறப்படும் பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று புள்ளிகள் இருக்கின்றன. மேலே இரண்டும் பென்சிலில் வைத்தவை; மூன்றாவது நீல மையில், சற்று நடுங்கிய கையால் வைத்தது, ஆகவே பல ஆண்டுகள் கழித்து அவர் அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணிடம் பாட்டி எதைக் கண்டார் என்பதை இனி யாரிடமும் கேட்க முடியாது. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு, அடுக்களையிலும் கூடத்திலும் நான் பார்த்துப் பழகிய பாட்டியைத் தவிர இன்னொருவரும் அவருக்குள் இருந்தார் என்பதை நான் அறிந்துகொண்டேன்.

தடங்களைப் படிக்கும்போது சில எச்சரிக்கைகள் தேவை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதியில் முன்பு வைத்திருந்தவரின் கோடுகளும் இருக்கும். எனவே கையெழுத்தை அவர் எழுதிய கடிதங்களோடும் கணக்கு நோட்டுகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடிக்கோடு இட்டார் என்பதாலேயே அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எதிர்ப்பதற்காகவும் கோடு போடுவார்கள், தேர்வுக்காகவும் போடுவார்கள், பிறகு அகராதி பார்க்கலாம் என்று நினைத்தும் போடுவார்கள். ஒரு கோட்டை வைத்து ஒரு மனிதரைத் தீர்மானிக்காமல், பல புத்தகங்களில் திரும்பத் திரும்ப அவர் எதன் அருகே நிற்கிறார் என்பதைப் பாருங்கள்.

கிடைக்கும் குறிப்புகளை அவ்வப்போது ஒரு நோட்டில் படியெடுத்துக்கொள்வது மிகவும் அவசியம். கணித அறிஞர் பியர் டி ஃபெர்மா, தம்மிடம் இருந்த, பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் டயோஃபாண்டஸின் நூலின் ஓரங்களில் எழுதிய குறிப்புகள் இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் அவருடைய மகன் சாமுவேல். தந்தை 1665-இல் இறந்த பிறகு, அந்த ஓரக்குறிப்புகளையும் சேர்த்து 1670-இல் அவர் அந்த நூலைப் பதிப்பித்தார். பல தலைமுறைக் கணித அறிஞர்களை அலைக்கழித்த புகழ்பெற்ற தேற்றம் அந்தக் குறிப்புகளில் ஒன்றுதான். ஃபெர்மா கைப்பட எழுதிய அந்தப் பிரதி தொலைந்துபோய்விட்டது. மகன் எடுத்த படிதான் எஞ்சியது. உங்கள் நோட்டில் புத்தகத்தின் பெயர், பதிப்பு, பக்க எண், அவர் குறித்த வரி, அவர் எழுதிய சொற்கள் ஆகியவற்றை எழுத்துப்பிழை இருந்தால் அதையும் திருத்தாமல் எழுதுங்கள். உங்கள் ஊகத்தைத் தனி வரியில், ஊகம் என்று தெரியும்படி எழுதுங்கள்.

புத்தகத்தின் ஆண்டும் அவருடைய வயதும்

அவர் எந்த வயதில் எதைப் படித்தார் என்று அறிவது இந்த முயற்சிக்குப் பெரும் பலம் தரும். வாங்கிய தேதியை எழுதியிருந்தால் வேலை எளிது. எழுதாதவற்றில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். அது எந்த ஆண்டுக்குப் பிறகு அந்தப் பிரதி அவர் கைக்கு வந்தது என்பதை மட்டும் சொல்லும். பதிப்பு ஆண்டு உள்ள தாள் கிழிந்திருந்தால் வேறு அடையாளங்கள் உதவும். ஐஎஸ்பிஎன் எனப்படும் புத்தக எண் 1970-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. 2007-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் அது 10 இலக்கங்களிலிருந்து 13 இலக்கங்களாக மாறியது. எனவே 10 இலக்க எண் மட்டும் உள்ள புத்தகம் அநேகமாக அந்த இடைக்காலத்தில் அச்சானது. எண்ணே இல்லாதது பழையதாகவோ சிறு பதிப்பகத்தின் வெளியீடாகவோ இருக்கலாம்.

தமிழ்ப் புத்தகமாக இருந்தால் எழுத்தின் வடிவமே காலத்தைக் காட்டும். பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொள்வதற்கு முன், ணை, லை, ளை, னை போன்றவை மேலே துதிக்கையோடும், ணா, றா, னா போன்றவை தனித் துணைக்கால் இல்லாமல் சுழித்த வடிவிலும் அச்சிடப்பட்டன. பெரியார் தம் இதழ்களில் 1930-களிலேயே புதிய வடிவத்தைக் கையாண்டதாலும், 1978-க்குப் பிறகும் சில அச்சகங்கள் பழைய அச்செழுத்துகளையே பயன்படுத்தியதாலும் இதைத் துல்லியமான எல்லையாகக் கொள்ள முடியாது. இருந்தாலும் பழைய வடிவங்களில் உள்ள புத்தகம் உங்கள் பாட்டியின் இளமைக்காலத்தைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த எழுத்துகளைக் கண்டு இளைய வாசகர்கள் பின்வாங்க வேண்டாம், நாலைந்து பக்கங்களில் கண் பழகிவிடும்.

இப்படிக் கிடைத்த விவரங்களை வைத்துப் புத்தகத்தின் பெயர், அவர் படித்த ஆண்டு, அப்போது அவருடைய வயது என்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். பிறகு உங்கள் இப்போதைய வயதில் அவர் எதைப் படித்துக்கொண்டிருந்தார் என்று தேடி, அந்தப் புத்தகத்தை எடுங்கள். நான் இதை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். முப்பது வயதில் குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவே அவர் எடுத்த புத்தகத்தை நீங்களும் முப்பது வயதில் படிக்கும்போது, உங்களைவிட எப்போதும் மூத்தவராகவே இருந்த ஒருவரை முதன்முறையாக உங்கள் வயதுக்காரராகச் சந்திக்கிறீர்கள்.

சேர்ந்து படிப்பதும் பதில் எழுதுவதும்

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், விலை உயர்ந்த பதிப்பையோ புகழ்பெற்ற நூலையோ எடுக்காமல், முதுகு தளர்ந்து, பக்க விளிம்புகள் கறுத்து, அதிகமாகப் புரட்டப்பட்ட புத்தகத்தை எடுங்கள். முடிந்தால் அதே நூலின் வேறொரு பிரதியை வாங்கியோ நூலகத்தில் எடுத்தோ முதலில் ஓர் அத்தியாயத்தைப் படித்து, உங்களுக்குத் தோன்றிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அவருடைய பிரதியைத் திறந்து அதே அத்தியாயத்தைப் பாருங்கள். இருவரும் ஒரே வரியில் நின்றிருந்தால் அந்த மகிழ்ச்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கடந்துபோன வரியில் அவர் நின்றிருக்கும் இடங்கள்தான் அதைவிட மதிப்புள்ளவை. அங்கே திரும்பிப் போய், அவருக்கு அங்கே என்ன கேட்டிருக்கும் என்று யோசிப்பதே சேர்ந்து படிப்பதாகும். இந்த முறையால் நொய்ந்துபோன பழைய பிரதிக்கும் ஓய்வு கிடைக்கும்.

அவருடைய குறிப்புகளுக்குப் பதில் எழுதுங்கள். அவர் கேள்விக்குறி போட்ட இடத்தில் உங்களுக்கு விடை தெரிந்திருந்தால் எழுதுங்கள். அவர் மறுத்த இடத்தில் ஆசிரியர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தோன்றினால் அதையும் எழுதுங்கள். தனி நோட்டில் எழுதலாம் என்று பலர் சொல்வார்கள். அரிய பதிப்பாக இல்லாதவரை, புத்தகத்திலேயே, மென்மையான பென்சிலால், தேதியும் பெயரின் முதலெழுத்தும் சேர்த்து எழுதுவதையே நான் விரும்புகிறேன், ஏனென்றால் அப்படி எழுதினால்தான் அடுத்து வருகிறவருக்கு இருவரின் கையெழுத்தும் தனித்தனியாகத் தெரியும். அவருடைய எழுத்தை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள். சில குறிப்புகள் மனத்தை வருத்தும். பெண்களைப் பற்றியோ வேறு மனிதர்களைப் பற்றியோ அவர் எழுதியிருப்பது நீங்கள் அறிந்த அன்பான தாத்தாவுக்குப் பொருந்தாமல் இருக்கும். அதற்கும் பென்சிலால் பதில் எழுதுங்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் எப்படி வாதாடியிருப்பீர்களோ அப்படியே வாதாடுங்கள். அதனால் அன்பு குறைந்துவிடாது.

உங்களுக்குச் சிறு வயதில் அவர் வாசித்துக் காட்டிய புத்தகம் கிடைத்தால், அதை மௌனமாகப் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். எந்த இடத்தில் அவர் குரலை உயர்த்துவார், எந்தச் சொல்லை இழுப்பார், எந்தப் பத்தியை உங்களுக்குப் புரியாது என்று தாண்டிவிடுவார் என்பதெல்லாம் உங்களை அறியாமலே நினைவுக்கு வரும். இதைத் தனியாகச் செய்யுங்கள், முதல் முறை குரல் கம்முவது இயல்புதான்.

பாதியில் நின்றுபோன புத்தகம் அநேகமாக ஒன்றாவது இருக்கும். அடையாளத் தாள் இருக்கும் பக்கம்வரை முதலில் படியுங்கள். அதற்கு மேல் உடனே போக வேண்டிய கட்டாயம் இல்லை. நோயால் நின்றாரா, பிடிக்காமல் நிறுத்தினாரா என்பதும் நிச்சயமில்லை, எனவே அதை முடித்தாக வேண்டிய கடனாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கதை உங்களை இழுத்தால் முடியுங்கள், இல்லையென்றால் அடையாளத் தாளை இருந்த இடத்திலேயே விட்டு மூடி வையுங்கள். பொதுவாகவே, படிக்க எடுக்கும் ஒவ்வொரு முறையும் தூக்கம் போய், அன்றாட வேலைகளும் முடங்கும் நிலை மாதக்கணக்கில் நீடித்தால், புத்தகங்களைச் சிறிது காலம் ஒதுக்கி வைத்துவிட்டு மனநல ஆலோசகரிடம் பேசுவது நல்லது.

புத்தகங்கள் எஞ்சாதபோது

எல்லாத் தாத்தா பாட்டியும் அலமாரியை விட்டுச் செல்வதில்லை. பலர் வாழ்நாள் முழுவதும் நூலகத்திலும் இரவலிலும் மட்டுமே படித்தவர்கள். சிலருக்கு எழுத்தறிவு இல்லாவிட்டாலும், பிறர் வாசிக்கக் கேட்டே நிறைய நூல்களை அறிந்திருப்பார்கள். அவர்களைத் தேட மனிதர்களிடம்தான் போக வேண்டும். எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று உறவினர்களைக் கேட்டால் பெரும்பாலும் தெரியவில்லை என்ற பதிலே வரும். அதற்குப் பதிலாக, எங்கே உட்கார்ந்து படிப்பார், படிக்கும்போது உதடு அசையுமா, யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காமல் எதைப் படித்துக்கொண்டிருந்தார், யாருக்குக் கொடுத்த புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார், எந்தக் கதையைச் சொல்லும்போது அழுதார் என்று கேளுங்கள். இத்தகைய கேள்விகளுக்கு ஒருவர் பதில் சொல்லத் தொடங்கினால், பக்கத்தில் இருப்பவர் திருத்துவார். அந்தத் திருத்தத்தில் ஒரு புத்தகத்தின் பெயர் வெளிவந்துவிடும். அவர்கள் அனுமதித்தால் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். முதியவர்களிடம் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நூலகங்கள் ஒருவர் எடுத்த புத்தகங்களின் பதிவேட்டை நெடுங்காலம் வைத்திருப்பது அரிது, வைத்திருந்தாலும் அடுத்தவருக்குக் காட்ட வேண்டிய கடமை இல்லை. ஆனால் அவர் வழக்கமாகப் போன நூலகம் இன்னும் இயங்கினால், அந்தத் தட்டுகளுக்கு முன்னால் போய் நில்லுங்கள். பழைய புத்தகங்களின் கடைசி அட்டையில் ஒட்டிய தேதித் தாளில் அவர் வாழ்ந்த ஆண்டுகளின் முத்திரைகள் இருக்கலாம். அவற்றில் ஏதேனும் ஒன்று அவருக்காகக் குத்தப்பட்டதா என்று உறுதிப்படுத்த வழியில்லை என்றாலும், அதே பிரதியை அவர் கையில் எடுத்திருக்கக் கூடும்.

தாளைக் காப்பது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் மரக்கூழிலிருந்து செய்த தாளில் லிக்னின் என்ற, மரத்துக்கு உறுதி தரும் பொருளும் அமிலமும் இருப்பதால், அது ஒளியும் காற்றும் படப்பட மஞ்சளாகிப் பொடியத் தொடங்குகிறது. நாம் விரும்பும் பழைய புத்தக வாசனையும் இந்தச் சிதைவில் வெளிவரும் வேதிப்பொருள்களின் வாசனைதான். மூளையில் நுகர்ச்சிப் பகுதி உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருப்பதால், அட்டையைத் திறந்ததும் தாத்தா பக்கத்தில் வந்துவிட்டதுபோல் இருக்கும். அதற்காக வாசனை போகாமல் இருக்க வேண்டும் என்று பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடி வைக்காதீர்கள், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நேரடி வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில், முடிந்தவரை 30 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள்.

கிழிந்த பக்கத்தில் செலோ டேப் ஒட்டுவது பெருந்தீங்கு; பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும். ரப்பர் வளையமும் உலோகக் கிளிப்பும் வேண்டாம். செய்தித்தாள் நறுக்குகள் எதிர்ப்பக்கத்தைப் பழுப்பாக்கும் என்பதால் அவற்றை அமிலமற்ற உறையில் தனியே வைத்து, இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சீட்டில் குறிப்பு எழுதிச் செருகுங்கள். கையுறை தேவையில்லை, கழுவி நன்றாக உலர்ந்த கையே தாளுக்கு நல்லது. இராமபாணப் பூச்சியோ புழுவோ தென்பட்டால் அந்துருண்டைகளைப் போடாமல், புத்தகத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில், மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில், இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்காமல் விட்டால்தான் தாளில் நீர் கோக்காது.

பேரப்பிள்ளைகள் பலராக இருந்தால்

அவருடைய புத்தகங்கள் முழுவதும் ஒருவரிடமே இருப்பது பெரும்பாலும் நடக்காது, நடக்கவும் வேண்டாம். பிரிப்பதற்கு முன் நீங்கள் எடுத்த படங்களையும் பட்டியலையும் எல்லோருக்கும் அனுப்புங்கள். யாருக்கு எதை வாசித்துக் காட்டினார் என்பதை அவரவரையே சொல்லச் சொல்லி, அந்தப் புத்தகத்தை அவரிடமே கொடுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த பிரதி சித்தப்பா மகளுக்குப் போய்விட்டால், அதே நூலின் வேறொரு பிரதியை வாங்கி, பாட்டியின் புள்ளிகளை அதே பக்கங்களில் நீங்களே வைத்துக்கொள்ளலாம். இது பாட்டியின் பிரதியிலிருந்து படியெடுத்தது என்று முதல் தாளில் எழுதிவிட்டால் பின்னால் யாரும் குழம்ப மாட்டார்கள். வெளியாருக்குக் கொடுக்கும் புத்தகங்களைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பட்டியலில் குறித்து, அதில் புதிதாக எழுதப்படும் குறிப்புகளை ஆண்டுக்கு ஒருமுறை படம் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.